கொண்டு போனவனே கொண்டு வரவேண்டும்

எட்டு வருடங்களுக்கு முன்னர், ஓர் ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. இடம், அனலைதீவில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் மைதானம். மைதானம் என்றதும் பச்சைப் புல்லைக் கற்பனை செய்துவிடாதீர்கள். மாரியில் மாடு மேயும், கோடையில் புழுதி பறக்கும். ஒரு பக்கம் பனங்கூடல், மற்றப் பக்கம் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் ஒருவர் தலையிலும் தொப்பி நிற்காது. அன்றைக்கு அந்த மைதானத்தில் நான் கிரிக்கெட் நடுவராக நின்றேன். நான் கொடுத்த தீர்ப்புகளுக்குள் மிகவும் சரியான தீர்ப்பு அன்றைக்குக் கொடுத்ததுதான். இன்றுவரை என்னை நிம்மதியாக இருக்க விடாததும் அதுதான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தீவில் உள்ள சங்கக்கடையில் மனேச்சராக இருக்கிறேன். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய். ஒரு காலத்தில் எங்கள் கழகத்தின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன். முழங்கால் பிசகிய பிறகு ஓட ஏலாமல் போய்விட்டது. ஆனால் மைதானத்தை விட மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு கிழமை நடுவர் பயிற்சி எடுத்து, ஒரு சட்டப் புத்தகத்தோடும் வெள்ளைத் தொப்பியோடும் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பட்டப்பெயர் "நீதவான்". சங்கக்கடையில் பருப்பு வாங்க வருகிறவர்கள்கூட "நீதவான் அண்ணை, கால் கிலோ" என்றுதான் கேட்பார்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என்னோடு மற்ற முனையில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரனாக இறங்குகிறவன் என் நண்பன். முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம், பிறகு பன்னிரண்டு வருடம் ஒரே பிட்ச். அவனுக்குக் கொஞ்சம் புகையிலைத் தோட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டு போகம் தொடர்ந்து மழையில் அழுகிப்போனது. வீட்டில் அவனும் அவனுடைய அக்காவும்தான். நல்லவன், ஆனால் மூக்கின் மேல் கோபம். ஓட்டம் எடுக்கும்போது நான் "வா" என்று கூப்பிடத் தேவையே இருந்ததில்லை. நான் நிமிர்ந்து பார்த்தாலே அவன் பாதி தூரம் வந்திருப்பான்.

இனி எங்கள் கழகத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். அது வேறெங்கும் இருக்கிறதோ தெரியாது. இந்தக் கதைக்குச் சில வருடம் முன்பு கரம்பொன்னிலிருந்து வந்த அணியோடு விளையாடியபோது சண்டை மூண்டு, கிரிக்கெட் துடுப்பால் ஒருவனுக்கு அடி விழுந்து, நெற்றியில் நாலு தையல் போட்டார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் அந்த அணி எங்கள் பக்கம் வள்ளம் ஏறவில்லை. ஒரு தீவில் இருந்துகொண்டு வெளியார் வராவிட்டால் பிறகு யாரோடு விளையாடுவது? கூட்டம் வைத்தோம். ஒழுங்கீனமாக நடக்கிறவனை மைதானத்தை விட்டு வெளியே அனுப்புகிற அதிகாரம் நடுவருக்கு இருக்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன். முதலில் கை உயர்த்தியவன் என் நண்பன்.

கை உயர்த்தியதோடு நிற்காமல் ஒரு யோசனையும் சொன்னான். "வெறுங்கையோடை அனுப்பினால் அடுத்த நாள் மறந்திடுவான். பெயில்ஸ் ஒண்டைக் கையிலை குடுத்து அனுப்புங்கோ. அதைத் திருப்பிக் கொண்டு வந்து தந்து, பிழையெண்டு சொன்னால்தான் திரும்ப விளையாடலாம். அதுமட்டும் அவன் வெளியிலை."

பெயில்ஸ் என்றால் மூன்று விக்கெட் தடிகளுக்கும் மேலே குறுக்காக வைக்கிற இரண்டு சின்னக் கட்டைகள். எங்களிடம் இருந்தவை கடையில் வாங்கியவை அல்ல. கடைப் பெயில்ஸ் எங்கள் சோளகத்துக்கு ஒரு ஓவர்கூட நிற்காது. அதனால் ஊர்காவற்துறையில் ஒரு தச்சரிடம் வைரம் பாய்ந்த பனையில், பிட்சின் ஒரு முனைக்கு மட்டும், இரண்டைக் கடைந்து எடுப்பித்திருந்தோம். கறுப்பு வரி ஓடிய, கனமான கட்டைகள். கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. அதில் ஒன்றைக் குற்றவாளியிடம் கொடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. அவனுடைய பெயருக்கு நேரே கழகத்துப் பதிவுக் கொப்பியில் "வெளியில்" என்று எழுதுவோம். பெயில்ஸ் திரும்பியதும் அதை வெட்டிவிடுவோம்.

இந்தச் சட்டப்படி மூன்று நாலு பேர் போய் வந்தார்கள். ஒருவன் வெட்கப்பட்டுத் தன் தம்பியிடம் பெயில்ஸைக் கொடுத்தனுப்பினான். அப்போதும் என் நண்பன்தான் வாங்க விடவில்லை. "கொண்டு போனவன்தான் கொண்டு வரவேணும். தம்பியோ தந்தியோ செல்லாது" என்று திருப்பி அனுப்பினான். எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அதுவும் சட்டத்தில் சேர்ந்துவிட்டது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கரம்பொன் அணி காலையிலேயே வந்து இறங்கியிருந்தது. நாணயச் சுழற்சியில் வென்று நாங்கள் முதலில் துடுப்பெடுத்தாடினோம். என் நண்பன் அன்றைக்கு வழமைக்கு மாறாகத் தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். பிட்சுக்குப் போகுமுன் குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். "என்ன, இண்டைக்குப் பக்தி கூடிப்போச்சு" என்று நான் பகிடி விட்டேன். அவன் சிரிக்கவில்லை.

நாலாவது ஓவர். அவனுக்குப் பதினொரு ஓட்டம். மற்ற முனையில் இருந்தவன் இல்லாத ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டான். இவன் ஓடினான். களத்தடுப்பாளன் எறிந்த பந்து நேரே வந்து விக்கெட்டில் பட்டது. பனைப் பெயில்ஸ் இரண்டும் டொக்கென்று விழுந்தன. நான் அதற்கு நேரே, ஸ்கொயர் லெக்கில் நிற்கிறேன். அவனுடைய துடுப்பு கோட்டுக்கு ஒரு சாண் வெளியே. சந்தேகத்துக்கு இடமே இல்லை. விரலை உயர்த்தினேன்.

அவன் போகவில்லை. கோட்டுக்குள் வந்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். நான் கிட்டப் போனேன்.

"மச்சான், நான் போகமாட்டன்" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"அவுட் எண்டால் அவுட்தான். எழும்பு."

"எனக்குத் தெரியும் அவுட் எண்டு. இண்டைக்கு மட்டும் விடு. இந்த ஒரு நாள் மட்டும். பிறகு ஒருநாளும் உன்னட்டை ஒண்டும் கேக்கமாட்டன்."

முப்பது வருடப் பழக்கம். அவுட் என்று தெரிந்தும் போகாமல் இருக்கிறவன் அல்ல அவன். ஏன் இப்படிக் கேட்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குள் கரம்பொன் அணியின் தலைவர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, நாங்கள் நாலு மணிக்கு வள்ளம் ஏறவேணும். உங்கடை ஆளை உங்களாலை எழுப்ப ஏலாதோ? எங்கடை ஆளெண்டால் இவ்வளவு நேரம் கதைச்சுக்கொண்டு நிப்பியளோ?"

அது எனக்குச் சுருக்கென்றது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீதவான் தன் கூட்டாளி என்றால் வளைந்துகொடுப்பான் என்று நாளைக்குக் கதை வரும். குரலை உயர்த்தி "எழும்படா" என்றேன். அவன் எழும்பினான். எழும்பிய வேகத்தில் ஒரு விக்கெட் தடியைப் பிடுங்கி எறிந்தான். யாருக்கும் குறிவைத்து எறியவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அது போய் அவர்களுடைய விக்கெட் காப்பாளனின் காலில் பட்டது. அந்தப் பெடியன் காலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

நான் கீழே கிடந்த பெயில்ஸ் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. புழுதி என்று நான் நினைத்துக்கொண்டேன், அல்லது அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். "சரி, தா" என்றான். வாங்கித் தன் வெள்ளைச் சட்டையில் மண் போகத் துடைத்தான். காலில் அடிபட்டவனிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து எல்லைக்கோட்டைக் கடந்தான்.

சட்டப்படி அவன் மைதானத்துக்குள் நிற்கக்கூடாது. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒழுங்கைக்கு அப்பால் ஒரு பனையடியில் நின்றுகொண்டான். வெயில் ஏறியது, பனையின் நிழல் நகர்ந்தது, அவனும் நிழலோடு நகர்ந்தான். இடைவேளையில் எங்கள் அணியில் ஒருவன் அவனுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டு போகப் பார்த்தான். "அவன் வெளியிலை நிக்கிற ஆள். உள்ளுக்கிருந்து ஒண்டும் போகக்கூடாது" என்று நான் மறித்தேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி இல்லை. என் கோபம் சட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது, அவ்வளவுதான்.

அவனோடு போன பெயில்ஸுக்குப் பதிலாகக் கடைப் பெயில்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்தேன். காற்று மூன்று தரம் அதைத் தட்டிவிட்டது. கடைசியில் அதைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு, ஒற்றைப் பனைப் பெயில்ஸோடு ஆட்டத்தை நடத்தினேன். எங்கள் அணி ஒன்பது ஓட்டங்களால் வென்றது. பெடியள் ஆளையாள் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். பனையடியில் ஒருவன் தனியாக நின்று கைதட்டினான். நான் காணாத மாதிரித் தடிகளைப் பிடுங்கிக் கட்டினேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. காலையில் கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான். ஒரு அம்மா சீனி வாங்க நின்றார். தெருவில் அவன் வருவதைக் கண்டேன். அதே வெள்ளைச் சட்டை, தோளில் பள்ளிக்கூடப் பை அளவில் ஒரு சின்னப் பை. கடைக்கு முன்னால் வந்து நின்றான். வலது கை பொக்கற்றுக்குள் இருந்தது. பெயில்ஸைக் கொண்டு வந்திருக்கிறான், மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. மனதுக்குள் ஒரு திருப்தி. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

தராசில் சீனியைப் போட்டேன். கொஞ்சம் எடுத்தேன், கொஞ்சம் போட்டேன். முள் நடுவில் நின்ற பிறகும் ஒரு கரண்டி எடுத்துத் திரும்பப் போட்டேன். அந்த அம்மா "என்ன தம்பி, பொன்னோ நிறுக்கிறீர்?" என்று கேட்டது நினைவிருக்கிறது. இறங்குதுறைப் பக்கம் வள்ளத்துக்காரர் கடைசி ஹோர்ன் அடித்தார். நான் பையைச் சுற்றிக் கட்டி, அந்த அம்மாவிடம் கொடுத்து, ஆறுதலாக நிமிர்ந்தேன். கடை வாசலில் அவன் இல்லை.

பின்னேரம் வருவான் என்று இருந்தேன். வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவனுடைய வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கதிரையை எடுத்துப் போட்டார்.

"அவன் இல்லைத் தம்பி. கொழும்புக்குப் போட்டான்."

"என்னத்துக்கு?"

அக்கா தெருப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "நீர் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும். ஏஜென்சிக்காரன் நாள் குறிச்சு ரெண்டு கிழமையாச்சு. இண்டைக்குப் பிளேனிலை."

எங்கள் பக்கத்தில் இப்படித்தான். வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவன் போய்ச் சேரும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை. சொன்னால் தடைப்படும் என்று ஒரு பயம், பிடிபட்டுத் திரும்பினால் வெட்கம் என்று இன்னொரு பயம். அதனால் எங்கள் ஊரில் பிரியாவிடை என்று ஒன்று நடப்பதில்லை. ஒருநாள் ஒருவன் இருப்பான், அடுத்த கிழமை இருக்கமாட்டான். எத்தனையோ பேர் அப்படிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுத்தமான வெள்ளைச் சட்டை, நிலத்தைத் தொட்ட கை, "இண்டைக்கு மட்டும்" என்ற வார்த்தை. எந்தக் குருடனுக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

"உமக்கு மட்டுமாவது சொல்லட்டோ எண்டு கேட்டவன்" என்றார் அக்கா. "நான்தான் வேண்டாம் எண்டனான். ஞாயிற்றுக்கிழமை கடைசியா ஒருக்கா முழுநாளும் விளையாடிப்போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவன். திங்கட்கிழமை காலமை, நீதவானிட்டைப் போட்டுத்தான் வள்ளம் ஏறுவன் எண்டு வெளிக்கிட்டவன். வந்தவனோ?"

"ஓம் அக்கா, வந்தவன்" என்றேன்.

அவன் பிரான்ஸ் போய்ச் சேர ஏழு மாதம் எடுத்தது. எந்தெந்த நாடுகளால் போனான் என்று இன்றைக்கும் முழுக்கச் சொல்வதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "எப்பிடி மச்சான்?" என்றான், நேற்றுத்தான் கதைத்தது போல. அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று தரம் கதைப்போம். ஊரில் மழையா, கிணறு உவர்த்துவிட்டதா, யார் எத்தனை ஓட்டம் அடித்தான், யாருக்குக் கலியாணம். எல்லாம் கதைப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அந்தத் திங்கட்கிழமையைத் தவிர. நான் ஒவ்வொரு முறையும் தொடங்கப் பார்ப்பேன். தொண்டை வரை வரும், பிறகு "சரி, சாப்பிட்டியோ" என்று முடிந்துவிடும்.

ஒவ்வோர் ஆடி மாதமும் பிரான்சிலிருந்து திருவிழாவுக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் எனக்கு ஏதாவது கொடுத்தனுப்புவான். சொக்லேற், ஒரு முறை சட்டை, ஒரு முறை உயர்ந்த ரக வெள்ளைத் தொப்பி. பொதியைப் பிரிக்கும்போதெல்லாம் என் விரல்கள் அடியில் ஒரு கட்டையைத் தேடும். இருக்காது. என்னை மன்னிக்கவில்லை, அதனால்தான் அந்தப் பெயில்ஸை வைத்துக்கொண்டு என்னைத் தண்டிக்கிறான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அவன் தண்டிப்பது நியாயம் என்றும் பட்டது. தொப்பியை மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போட்டுக்கொண்டு போனேன். பனையடியைப் பார்க்காமல் நிற்கப் பழகிக்கொண்டேன். சில நாட்களில் பின்னேரத்து வள்ளம் வருகிற சத்தம் கேட்டால், வரமாட்டான் என்று தெரிந்தும் கடை வாசலுக்கு வந்து நிற்பேன்.

புதுப் பனைப் பெயில்ஸ் ஒன்று கடைவிக்கலாம் என்று பலர் சொன்னார்கள். தச்சர் கால் நடக்கிற தூரத்தில் இல்லை, கடல் கடக்கவேண்டும், இன்னும் நேரம் வரவில்லை என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். எட்டு வருடமாக எங்கள் விக்கெட்டில் ஒரு பெயில்ஸ்தான். காற்று பலமாக வீசினால் பெயில்ஸ் இல்லாமலே விளையாடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று வருகிற அணிகளுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது.

இந்த வருடம் கழகத்துக்கு வெளிநாட்டு உறவினர் ஒருவர் புது விக்கெட் தொகுதி அனுப்பினார். பந்து பட்டால் லைற் எரிகிற சாதி. அதே நேரத்தில், ஒழுங்கீனமாக நடக்கும் வீரர்களை வெளியே அனுப்ப நடுவர்களுக்கு அதிகாரம் இருக்கலாமா என்று ரிவியில் யாரோ விவாதித்தார்களாம். அது எங்கள் பெடியளின் வாயிலும் விழுந்தது. ஒருவன் வேண்டும் என்றான், ஒருவன் வேண்டாம் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்தில் செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீதவான் அண்ணை, நீங்கள் கொண்டு வந்த சட்டம். நீங்கள் சொல்லுங்கோ."

"தூக்குங்கோ" என்றேன். எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். கோபத்தில் நிற்கிற ஒரு மனிதனை, கோபத்தில் நிற்கிற இன்னொரு மனிதன் அனுப்புகிற வேலை அது, எனக்கு அந்த அதிகாரம் வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

மத்தியானம் வீட்டுக்கு வந்து அவனுக்கு வீடியோ அழைப்பெடுத்தேன். அங்கே காலை. நாலு பேர் இருக்கிற அறையில் ஒரு கட்டிலில் இருந்தான்.

"மச்சான், ஒரு நல்ல சேதி. அந்தச் சட்டத்தைத் தூக்கப்போறம். கொப்பியிலை உன்ரை பேருக்கு நேரை கிடக்கிறதையும் வெட்டப்போறம். உன்ரை தண்டனை முடிஞ்சுது."

அவன் கட்டிலில் நிமிர்ந்து இருந்தான்.

"ஆர் தூக்கச் சொன்னது?"

"நான்தான்."

"உனக்கென்ன விசரோ?" அந்தப் பழைய கோபம், எட்டு வருடத்துக்குப் பிறகு. தலையணைக்குக் கீழே கையை விட்டு எதையோ எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தான். கறுப்பு வரி ஓடிய கட்டை. ஒரு முனை தேய்ந்திருந்தது. "இது பார். எத்தினை காடு, எத்தினை ஆறு. ஒரு இடத்திலை சப்பாத்தையும் விட்டிட்டு ஓடினனான். இதை விடேல்லை. ஊருக்கு வாற ஆக்களிட்டை இதைக் குடுத்து விடாமல் ஏன் வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சனி?"

"கோவமாக்கும் எண்டு..."

சிரித்தான். "கொண்டு போனவன்தான் கொண்டு வரவேணும். மறந்து போனியோ, நீதவான்? இஞ்சை என்ரை அகதிக் கேசை ரெண்டுதரம் நிராகரிச்சுப்போட்டாங்கள். ஆஸ்பத்திரியிலையும் சரி, வேலைத்தலத்திலையும் சரி, நான் ஒரு கொப்பியிலையும் இல்லாத ஆள். உங்கை ஒரு கொப்பியிலைதான் என்ரை பேர் கிடக்கு. வெளியிலை எண்டு எழுதிக்கிடக்கு. வெளியிலை நிக்கிறவன் எண்டால் உள்ளுக்கு வரவேண்டியவன் எண்டுதானே? அதையும் வெட்டிப்போட்டால் இது வெறும் தடி. பிறகு நான் எங்கை வாறது?"

இவ்வளவு காலம் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"மச்சான், அண்டைக்குக் காலமை நீ கடையடியிலை நிண்டதை நான் கண்டனான். கண்டுகொண்டுதான் நிமிரேல்லை."

"தெரியும். ஒரு கிலோ சீனிக்கு அவ்வளவு நேரமோடா?" மறுபடியும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இதைத் தந்திட்டுப் போகத்தான் வந்தனான். நீ நிமிராதது நல்லதாப் போச்சு. நிமிந்திருந்தால் தந்திருப்பன். இண்டைக்கு என்னட்டை ஒண்டும் இருந்திராது."

அவன் அப்படிச் சொன்னது என்னை ஆறுதல்படுத்தவா, உண்மையாகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், யாரும் காணாமல் அழுதேன். நாற்பத்து மூன்று வயது மனுசன்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் நான் எழும்பி, சட்டத்தைத் தூக்கக்கூடாது என்றேன். "நீதவான் தன்ரை தீர்ப்புக்குத் தானே அப்பீல் போடுறார்" என்று பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு திருத்தம் மட்டும் கேட்டேன். வெளியே அனுப்ப முன் "ஏன்?" என்று ஒருதரம் கேட்கவேண்டும். வெளியே நிற்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். சட்டம் நின்றது. லைற் எரிகிற தொகுதி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போனது.

அவனுடைய வழக்கு மூன்றாம் முறையாக நடக்கிறது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. கொப்பியில் அவனுடைய பெயருக்கு நேரே எழுதியதன் மை மங்கிப்போனபோது, அதன் மேலேயே திரும்ப எழுதி வைத்தேன். ஆட்டம் தொடங்குமுன் ஒற்றைப் பெயில்ஸை வைத்துவிட்டு, நடுத் தடிக்கும் மற்றத் தடிக்கும் இடையில் உள்ள வெறும் இடத்தை ஒருதரம் பார்ப்பேன். பிறகு துணிந்து பனையடியையும் பார்ப்பேன். "வெளியே போ" என்று சொல்ல எனக்கு அன்றைக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. "உள்ளே வா" என்று சொல்கிற அதிகாரம் எந்த நடுவருக்கும் இல்லை என்பதை இந்த எட்டு வருடமும் வள்ளம் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.